பன்னீர் ரோஜாவின் பூர்வீகத்தை டிஎன்ஏ சொல்லுமா?

கேள்வி இது: "பாட்டி காலத்திலிருந்து எங்கள் வீட்டுக் கொல்லையில் ஒரு பன்னீர் ரோஜா இருக்கிறது. நர்சரிக்காரர் அதை டமாஸ்க் ரோஜா என்கிறார். டமாஸ்கஸிலிருந்து சிலுவைப் போர் வீரர்கள் ஐரோப்பாவுக்குக் கொண்டுபோன ரோஜா அது என்றும் படித்தேன். மனிதர்களுக்குப் பார்ப்பதுபோல ரோஜாவுக்கும் டிஎன்ஏ சோதனை செய்து வம்சாவளியைக் கண்டுபிடிக்க முடியுமா?"

முடியும். ஆனால் எதைக் கேட்கிறோம் என்பதைப் பொறுத்துப் பதிலின் உறுதி மாறும். இந்த இரண்டு செடியும் ஒரே ரகமா என்று கேட்டால் சோதனை பெரும்பாலும் தெளிவாகச் சொல்லிவிடும். இந்தச் செடி அந்தச் செடியின் பிள்ளையாக இருக்க முடியாது என்பதையும் அடித்துச் சொல்லும். அப்படியானால் யாருடைய பிள்ளை என்று கேட்டால், ஒப்பிட்டுப் பார்க்க என்னென்ன செடிகள் கையில் இருக்கின்றன என்பதைப் பொறுத்த விஷயம் அது. எந்த ஆண்டு, எந்தக் கப்பலில், யார் கொண்டுவந்தார்கள் என்பதெல்லாம் டிஎன்ஏவில் எழுதியிருக்காது. இந்த வித்தியாசம் பிடிபட்டுவிட்டால் பழைய ரோஜாக்களைப் பற்றி வரும் செய்திகளில் எதை நம்பலாம், எதைத் தள்ளி வைக்கலாம் என்பதும் பிடிபட்டுவிடும். இதற்கு டமாஸ்க்கைவிட நல்ல உதாரணம் கிடையாது, அதனால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

டமாஸ்க் என்பது ரோஜா எண்ணெய்க்கும் பன்னீருக்கும் பேர்போன ரகம். பல்கேரியாவின் கசன்லிக் பள்ளத்தாக்கு, துருக்கியின் இஸ்பார்டா, ஈரானின் காஷான், நம் நாட்டில் கன்னோஜ் வட்டாரம், ராஜஸ்தானின் புஷ்கர், ஹல்திகாட்டி பகுதிகள் எல்லாம் இதன் இடங்கள். 13ஆம் நூற்றாண்டில் ராபர்ட் டி ப்ரீ என்ற சிலுவைப் போர்ப் பிரபு இதைச் சிரியாவிலிருந்து பிரான்சுக்குக் கொண்டுவந்தார் என்பது நீங்கள் படித்த கதை. இதன் பெற்றோர் யார் என்பதற்கு 20ஆம் நூற்றாண்டில் மிகவும் செல்வாக்காக இருந்த விளக்கம் கேம்பிரிட்ஜில் வேலை செய்த மரபியலாளர் சார்லஸ் சேம்பர்லின் ஹர்ஸ்ட் கொடுத்தது. குரோமோசோம் எண்ணிக்கையையும் இலை, முள், பூக்காம்பு போன்ற அடையாளங்களையும் வைத்து அவர் இப்படிக் கணித்தார்: கோடையில் ஒரு முறை மட்டும் பூக்கும் டமாஸ்க், ரோசா கேலிகா, ரோசா ஃபீனிசியா என்ற இரண்டு ரோஜா இனங்கள் கலந்தது, இலையுதிர் காலத்தில் மறுபடியும் பூக்கும் டமாஸ்க், கேலிகாவும் ரோசா மாஸ்கேட்டா என்ற இன்னொரு இனமும் கலந்தது. ஃபீனிசியா சிரியா, லெபனான் பக்கத்துக் காட்டு ரோஜா என்பதால் டமாஸ்கஸ் கதைக்கும் இந்தக் கணக்கு அழகாகப் பொருந்தியது. அரை நூற்றாண்டுக்கும் மேலாக ரோஜாப் புத்தகங்கள் இதையே திருப்பித் திருப்பி எழுதின.

2000ஆம் ஆண்டில் இவாட்டா, கேட்டோ, ஓனோ என்ற மூன்று ஜப்பானிய ஆராய்ச்சியாளர்கள் நான்கு மிகப் பழைய டமாஸ்க் ரகங்களை எடுத்து டிஎன்ஏவைப் பார்த்தார்கள். கசன்லிக், யார்க் அண்ட் லேன்காஸ்டர், கத்ர் செசோன், அப்புறம் அதன் வெள்ளைப் பாசி ரகமான கத்ர் செசோன் பிளான் முசூ. பார்வைக்கு இந்த நான்கும் உடன்பிறப்புகள் என்றுகூடச் சொல்ல மாட்டோம். ஒன்று சீரான இளஞ்சிவப்பு. யார்க் அண்ட் லேன்காஸ்டரில் ஒரே செடியில் வெள்ளைப் பூவும் இளஞ்சிவப்புப் பூவும் இரண்டும் கலந்த பூவும் வரும். மூன்றாவது, இலையுதிர் காலத்தில் மறுபடி பூக்கிறது. நான்காவதில் மொட்டையும் காம்பையும் பிசுபிசுப்பான பாசி போன்ற சுரப்பி முடிகள் மூடியிருக்கும். ஆனால் அவர்கள் சோதித்த மார்க்கர்களில், அதாவது செடிகளை ஒப்பிடப் பயன்படும் டிஎன்ஏ அடையாளங்களில், நான்குக்கும் இடையே ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. அதாவது நான்கும் ஒரே மூலச் செடியிலிருந்து வந்தவை. விதை போட்டு வந்த தலைமுறைகள் இல்லை. போத்து வெட்டி நட்டு, பதியம் போட்டுப் பெருக்கிய ஒரே உடம்பு. இடையில் எங்கோ ஒரு கிளையில் மொட்டு மாற்றம், அதாவது ஒரு மொட்டில் தானாக நேரும் மரபணு மாறுதல், வந்திருக்கிறது. அது பிடித்துப்போய் யாரோ அந்தக் கிளையை மட்டும் தனியாக வளர்த்திருக்கிறார்கள். ஹர்ஸ்ட் சொன்னதுபோல் கோடை டமாஸ்க்குக்கு ஒரு தகப்பன், இலையுதிர் டமாஸ்க்குக்கு வேறொரு தகப்பன் என்பது இந்த இடத்திலேயே அடிபட்டுப் போனது.

பெற்றோர் விஷயத்தில் அவர்கள் கண்டது இன்னும் பெரிய அதிர்ச்சி. ரைபோசோம் டிஎன்ஏ என்று ஒரு பகுதி உண்டு. அது ஒரு செல்லுக்குள் நூற்றுக்கணக்கான பிரதிகளாக இருக்கும். கலப்பினச் செடியில் ஒவ்வொரு மூதாதையின் பிரதியும் தனித்தனியாகத் தெரிய வாய்ப்புண்டு. விதை வழியாகப் பல தலைமுறை போனால் இந்தப் பிரதிகள் மெல்ல ஒன்றுபோல் ஆகிவிடும். ஆனால் போத்து வழியாகவே நூற்றாண்டுகளாக வந்த டமாஸ்க்கில் அவை அப்படியே நின்றிருந்தன. வந்தவை மூன்று வகை: ஒன்று மாஸ்கேட்டா, ஒன்று கேலிகா, மூன்றாவது ரோசா ஃபெட்சென்கோவானா. ஃபீனிசியா அந்தப் பட்டியலிலேயே இல்லை.

ஃபெட்சென்கோவானா மத்திய ஆசியாவின் தியான்ஷான், பாமிர் மலைப் பக்கத்துச் செடி. சாம்பல் படிந்த இலை, வெள்ளைப் பூ, நீண்டு குறுகிய காய். காட்டு ரோஜாக்களில் பெரும்பாலானவை ஆண்டுக்கு ஒரு பருவம் பூத்து ஓயும். இது கோடை முழுக்க விட்டுவிட்டுப் பூக்கும். இந்தப் பெயர் வெளியே வந்த பிறகு டமாஸ்க் செடியைப் பார்த்தால், அதன் மங்கலான சாம்பல் பச்சை இலையும், குண்டாக இல்லாமல் நீண்டிருக்கும் காயும், சில ரகங்கள் இரண்டாம் முறை பூப்பதும் எங்கிருந்து வந்திருக்கும் என்று ஊகிக்க முடிகிறது. அடையாளங்கள் எப்போதும் கண் முன்னால்தான் இருந்தன. ஆனால் இந்த மலைச்செடியை ஒப்பிட்டுப் பார்க்க ஆளில்லை. குடும்ப ஆல்பத்தில் இல்லாத உறவினரின் முகச்சாயலை யாராலும் பெயர் சொல்லி அடையாளம் காட்ட முடியாது, அதுபோலத்தான். டிஎன்ஏ சோதனைக்கும் இந்த வரம்பு உண்டு. ஃபெட்சென்கோவானாவின் வரிசை ஒப்பீட்டில் இல்லாமல் போயிருந்தால், மூன்றாவது வகை என்று ஒன்று இருக்கிறது என்பது மட்டும் தெரிந்திருக்கும், அது யார் என்று தெரிந்திருக்காது.

அதே ஆய்வில் தாய் யார் என்பதையும் பார்த்தார்கள். இலையைப் பச்சையாக்கும் பசுங்கணிகத்துக்குத் தனியாக ஒரு சிறு டிஎன்ஏ உண்டு. ரோஜாவில் அது தாய் வழியாக மட்டுமே வரும், மகரந்தம் கொடுத்த தகப்பன் வழியாக வராது. டமாஸ்க்கின் பசுங்கணிக டிஎன்ஏ மாஸ்கேட்டாவோடு ஒத்துப்போனது. இரண்டையும் சேர்த்து அவர்கள் வந்த முடிவு: மாஸ்கேட்டா தாய், கேலிகா தகப்பன், இவற்றுக்குப் பிறந்த செடியின் பூவில் ஃபெட்சென்கோவானாவின் மகரந்தம் விழுந்து பிறந்தது டமாஸ்க்.

டமாஸ்கஸ் கதை என்ன ஆனது? கேலிகா ஐரோப்பாவிலிருந்து துருக்கி, காகசஸ் வரை காடாக வளர்வது. ஃபெட்சென்கோவானா மத்திய ஆசிய மலைகளில். இவை சந்தித்த இடம் சிரியாவுக்குக் கிழக்கே எங்கோ இருந்திருக்கும் என்று நினைப்பதுதான் நியாயம். தோட்டக்காரர்கள் செடிகளைத் தூக்கிக்கொண்டு போகிறவர்கள் என்பதால் இன்ன ஊர் என்று விரல் வைக்க முடியாது. சிரியாவிலிருந்து யாரும் ஐரோப்பாவுக்குக் கொண்டுபோகவில்லை என்றும் இந்தச் சோதனை நிரூபிக்கவில்லை. பிறந்த இடம் வேறு, வழியில் தங்கிய இடம் வேறு. டமாஸ்கஸ் வழியில் ஒரு நிறுத்தமாக இருந்திருக்கலாம். பிறந்த வீடு என்று சொல்லத்தான் ஆதாரம் போய்விட்டது.

இதைத் தொடர்ந்து வந்த இரண்டு ஆய்வுகளை இங்கே சேர்த்துச் சொல்ல வேண்டும். 2005இல் பல்கேரிய ஆராய்ச்சியாளர்கள் மைக்ரோசாட்டலைட் மார்க்கர்களை வைத்து எண்ணெய் ரோஜாக்களைச் சோதித்தார்கள். டிஎன்ஏவில் சில இடங்களில் இரண்டு மூன்று எழுத்துகள் திரும்பத் திரும்ப வரும். எத்தனை முறை வருகிறது என்பது செடிக்குச் செடி மாறும். அப்படிப் பல இடங்களின் நீளத்தை அளந்தால் ஒரு ரகத்துக்கான கைரேகை கிடைத்துவிடும். பல்கேரியாவிலும் துருக்கியிலும் எண்ணெய்க்காக வளர்க்கும் செடிகள் எல்லாம் ஒரே கைரேகை, யார்க் அண்ட் லேன்காஸ்டரும் அதே கைரேகை. ஒரு கிலோ எண்ணெய்க்கு மூன்று, நான்கு டன் பூ பறிக்கும் ஒரு தொழில், மலைச்சரிவு மலைச்சரிவாக, ஒரே ஒரு செடியின் போத்துகளை நம்பி நிற்கிறது! ஒரு புது நோய் வந்தால் எல்லாச் செடியும் ஒன்றுபோல் பாதிக்கப்படும் என்பது இதில் கவலைப்பட வேண்டிய செய்தி. 2007இல் ஈரானின் பல பகுதிகளிலிருந்து எடுத்த செடிகளைச் சோதித்தபோது நிலைமை வேறாக இருந்தது. முக்கியமான உற்பத்திப் பகுதிகளில் பல்கேரியாவின் அதே கைரேகைதான், ஆனால் அதோடு வேறு பல கைரேகைகளும் கிடைத்தன. ஒரு பயிரின் பன்முகத்தன்மை எங்கே அதிகமோ அங்கே அது நீண்ட காலம் இருந்திருக்கிறது என்பது பொதுவான அனுமானம். புதிய டமாஸ்க் ரகங்களை உருவாக்க நினைப்பவர்கள் இனி ஈரானைத்தான் பார்க்க வேண்டும் என்பது என் கருத்து.

சரி, பழைய ரோஜாக்களில் மற்ற பாதி சீனாவைச் சேர்ந்தது. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் தொடங்கி 1824க்குள் நான்கு சீன ரோஜாக்கள் இங்கிலாந்துக்குப் போயின: ஸ்லேட்டரின் சிவப்பு, பார்சன்ஸின் இளஞ்சிவப்பு, 1809இல் ஹியூமின் தேயிலை மணம் கொண்ட இளஞ்சிவப்பு, 1824இல் பார்க்ஸின் மஞ்சள். கிழக்கிந்தியக் கம்பெனிக் கப்பல்கள் வழியில் கல்கத்தாவில் நின்றன, அங்கிருந்த தாவரவியல் பூங்காவிலும் இவை வளர்ந்தன. அதனால் பிரெஞ்சுக்காரர்கள் சீன ரோஜாவை வங்காள ரோஜா என்றே வெகுகாலம் அழைத்தார்கள். பார்சன்ஸின் இளஞ்சிவப்புக்கு இன்றைய பெயர் ஓல்டு பிளஷ். 2018இல் பிரான்சின் லியோன், ஆஞ்சே நகரங்களின் குழுக்கள் இந்தச் செடியின் முழு மரபணுத் தொகுதியையும், ஏழு குரோமோசோம்களில் சுமார் 50 கோடி எழுத்துகளை, வரிசைப்படுத்தி வெளியிட்டன. மற்ற ரோஜாக்களின் டிஎன்ஏவைப் பக்கத்தில் வைத்துப் படிக்க ஒரு மூலப்பிரதி அப்போதுதான் கிடைத்தது.

சீன ரோஜா கொடுத்த பெரிய சொத்து, ஆண்டு முழுவதும் பூக்கும் குணம். இதன் காரணம் 2012இல் தெளிவானது, எனக்கு இந்தத் துறையில் மிகவும் பிடித்த கண்டுபிடிப்பு அது. பூப்பதை அடக்கி வைக்கும் கேஎஸ்என் என்ற ஒரு மரபணு ரோஜாவில் உண்டு. காட்டு ரோஜாவில் வசந்தப் பூப்பு முடிந்ததும் அது வேலை செய்யத் தொடங்கும், செடி கிளையை நீட்டப் போய்விடும். சீன ரோஜாவில் இந்த மரபணுவுக்குள் ஒரு தாவும் டிஎன்ஏத் துண்டு வந்து செருகிக்கொண்டது. மரபணு முடங்கியது, அடக்க ஆளில்லை, செடி பூத்துக்கொண்டே இருக்கிறது. குணம் வெளிப்பட, முடங்கிய பிரதி தாய் தகப்பன் இரு வழியிலும் வர வேண்டும். ஐரோப்பிய ரோஜாவோடு முதலில் கலந்த தலைமுறைகள் ஏன் பெரும்பாலும் ஒரு முறைதான் பூத்தன, அடிக்கடி பூக்கும் ரகங்கள் பெருக ஏன் சில பத்தாண்டுகள் ஆயின என்ற பழைய புதிருக்கு விடை இதில் இருக்கிறது. சில சீன ரோஜாக்களில் திடீரென்று ஒரு கிளை கொடியாக நீண்டு ஓடி, பூப்பதைக் குறைத்துக்கொள்ளும். அந்தக் கிளையைச் சோதித்தால், செருகிய துண்டின் பெரும்பகுதி கழன்றுபோய் மரபணு மறுபடி வேலை செய்யத் தொடங்கியிருப்பது தெரிகிறது. உங்கள் செடியில் இந்தத் துண்டு இருக்கிறதா என்று பார்ப்பது சுலபமான சோதனை. இருந்தால் எங்கோ ஒரு சீன மூதாதை உண்டு என்று தாராளமாகச் சொல்லலாம்.

ஆஞ்சே குழுவினர் 2016இல் 1,228 பழைய ரோஜா ரகங்களை 32 மைக்ரோசாட்டலைட் மார்க்கர்களால் சோதித்ததும் குறிப்பிடத்தக்கது. 19ஆம் நூற்றாண்டு நெடுக, ஐரோப்பிய மரபணுப் பின்னணி படிப்படியாகக் குறைந்து ஆசியப் பின்னணி ஏறிக்கொண்டே போனது அதில் தெரிந்தது. ஐரோப்பிய ரோஜா என்று நாம் நினைக்கும் பல ரகங்கள் உள்ளுக்குள் பெருமளவு ஆசியச் செடிகள்.

அந்தக் காலத்துப் பெற்றோர் பதிவுகளை நம்பலாமா என்றும் கேட்பீர்கள். பாதிதான் நம்பலாம். 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் பிரெஞ்சு நர்சரிகள் பெரும்பாலும் தானாக விழுந்த காய்களைச் சேர்த்து விதைத்தன. தாய் தெரியும், மகரந்தம் கொண்டுவந்த தேனீ எந்தச் செடியிலிருந்து வந்தது என்று தெரியாது. கையால் மகரந்தம் தொட்டுவைத்து, இரு பெற்றோரையும் எழுதிவைத்து விற்பதை இங்கிலாந்தின் ஹென்றி பென்னட் 1879இல் ஒரு வியாபார முறையாகவே ஆக்கினார். அதற்கு முந்தைய வம்சாவளிகளில் தகப்பன் பெயர் என்று இருப்பது பல நேரம் ஊகம். இங்கேதான் மார்க்கர்கள் கைகொடுக்கின்றன. ஒவ்வொரு இடத்திலும் பிள்ளையிடம் இருப்பது தாயிடமோ தகப்பனிடமோ இருந்தாக வேண்டும். பல இடங்களில் அப்படி இல்லையென்றால் சொல்லப்பட்ட பெற்றோர் பெற்றோர் இல்லை. எல்லா இடத்திலும் ஒத்துப்போனால், பெற்றோராக இருக்கலாம். பெற்றோரின் உடன்பிறப்பும் அப்படி ஒத்துப்போக வாய்ப்புண்டு. ரோஜாவில் இன்னொரு சிக்கல், ஓல்டு பிளஷ்ஷில் அந்த ஏழு குரோமோசோமும் இரண்டிரண்டாக 14, கேலிகாவிலும் டமாஸ்க்கிலும் நான்கு நான்காக 28. நான்கு நான்காகப் பிரதிகள் இருக்கும்போது எது எத்தனை முறை இருக்கிறது என்பதைப் பிரித்தறிவது மனிதனில் பார்ப்பதுபோல் நேரடியாக இருக்காது.

குரோமோசோம் என்றதும் நம் ஊர்த் தொடர்பு ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். சென்னையில் விமன்ஸ் கிறிஸ்டியன் கல்லூரியில் கற்பித்த ஈ. கே. ஜானகி அம்மாள், ஆங்கிலேய மரபியலாளர் சி. டி. டார்லிங்டனோடு சேர்ந்து 1945இல் பயிர்ச்செடிகளின் குரோமோசோம் அட்டவணையைப் புத்தகமாகக் கொண்டுவந்தவர். கொடைக்கானலில் ரோஜா உருவாக்கும் விராராகவன், கிரிஜா தம்பதியர் ஒரு மஞ்சள் ரோஜாவுக்கு அவர் பெயரை வைத்தார்கள். இதே தம்பதியர்தான் மணிப்பூர் மலைகளின் ரோசா ஜைஜான்டியாவை எடுத்துவந்து, வெப்பம் தாங்கும் புது ரகங்களுக்குப் பெற்றோர் ஆக்கினார்கள். அந்த ஜைஜான்டியா, சீன ரோஜாவோடு கலந்து தேயிலை மண ரோஜாக்களுக்கு மூதாதையான அதே இனம்.

இனி உங்கள் கொல்லைச் செடிக்கு வருவோம். அது உண்மையான டமாஸ்க்காக இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. டமாஸ்க்குக்குக் குளிர்காலம் வேண்டும். ராஜஸ்தானில்கூட அது முக்கியமாக மார்ச், ஏப்ரலில் பூத்து ஓய்ந்துவிடுகிறது. நம் சமவெளியில் மாதம் தவறாமல் பூத்து, நிலக்கோட்டை மாதிரிச் சந்தைகளுக்கு மாலைக்காக வரும் பன்னீர் ரோஜாவில் பெரும்பகுதி எட்வர்டு ரோஜா எனப்படும் போர்போன் வகை. போர்போன் என்பது இன்றைய ரியூனியன் தீவின் பழைய பெயர். அங்கே ஓல்டு பிளஷ்ஷும் இலையுதிர் டமாஸ்க்கும் வேலிச் செடிகளாக இருந்தன என்றும், அவற்றுக்கு நடுவே 1817 வாக்கில் தானாக முளைத்த ஒரு செடி எதுவார் ரோஜா (நம் எட்வர்டு) என்ற பெயர் பெற்றது என்றும், அதன் விதைகள் பாரிசுக்கு அனுப்பப்பட்டன என்றும் ரோஜா வரலாற்றில் சொல்வார்கள். அந்தக் கதை சரியாக இருந்தால் உங்கள் செடியில் டமாஸ்க்கின் மூன்று மூதாதைகளின் தடயமும், கூடவே சீன கேஎஸ்என் துண்டும் தெரிய வேண்டும். நர்சரிக்காரர் டமாஸ்க் என்றது அந்த வகையில் பாதி உண்மையாகிவிடும். மணம் டமாஸ்க் வீட்டிலிருந்தும், ஓயாத பூ சீன வீட்டிலிருந்தும் வந்திருக்கும்.

சோதனைக்கே அனுப்புவதாக இருந்தால் சில விஷயங்களைக் கவனியுங்கள். முதலில், செடி ஒட்டுக்கட்டியதா என்று அடியில் பாருங்கள். ஒட்டுக்குக் கீழே வேரிலிருந்து கிளம்பிய தளிரை எடுத்துவிட்டால் வேர்ச்செடியின் கைரேகைதான் வரும். எட்வர்டு ரோஜாவையே வேர்ச்செடியாகப் பயன்படுத்துவதும் உண்டு என்பதால் இதில் ஏமாறுவது சுலபம். பூ வந்த கிளையிலேயே, இன்னும் முழுதாக விரியாத செந்தளிர் இலைகளை எடுங்கள். முற்றிய ரோஜா இலையில் இருக்கும் பிசினும் துவர்ப்புப் பொருட்களும் டிஎன்ஏவோடு ஒட்டிக்கொண்டு வேலையைக் கெடுக்கும். பறித்ததும் சிலிக்கா ஜெல் போட்ட பைக்குள் வைத்து மூடினால் நன்றாகக் காய்ந்துவிடும், தபாலில் தாங்கும். இதைவிட முக்கியம், உங்கள் செடியின் இலையை மட்டும் அனுப்பிப் பயனில்லை. கன்னோஜ் வழி வந்த உறுதியான டமாஸ்க் ஒன்று, ஓல்டு பிளஷ் ஒன்று, பெயர் தெரிந்த எட்வர்டு ரோஜா ஒன்று ஆகியவற்றின் இலைகளும் கூடப் போக வேண்டும். அவை பெயர்ப்பலகையை மட்டும் நம்பி எடுத்தவையாக இருக்கக் கூடாது. பெரிய தோட்டங்களிலும் பலகை மாறிப்போவது சகஜம். நிறமோ இதழ் எண்ணிக்கையோ கொஞ்சம் மாறியிருந்தும் கைரேகை ஒன்றாக வந்தால் அதைத் தவறு என்று நினைக்காதீர்கள். அது மொட்டு மாற்றம், வழக்கமான மார்க்கர்களில் தெரியாது.

பாட்டி அந்தப் போத்தை எந்த ஊரில், யார் வீட்டிலிருந்து வாங்கி வந்தார் என்று வீட்டுப் பெரியவர்களிடம் இப்போதே கேட்டு எழுதி வையுங்கள். அந்தத் தகவலை எந்த ஆய்வகமும் தர முடியாது. அதே ஊரில் இன்னும் அந்தச் செடி நின்றால் அதிலிருந்தும் நாலு தளிர் சேர்த்து அனுப்புங்கள்; இரண்டும் ஒன்றுதானா என்பது சோதனை மிக உறுதியாகப் பதில் சொல்லும் கேள்வி.